ஆராய்ச்சியா, ஆராதனையா?

“இஸ்லாத்தை ஆராயப் பொதுப்பணமா? மதச்சார்பற்ற நாட்டில் இது அடுக்குமா?” என்று கேட்கிறார்கள். கேட்போர் மதவாதிகளாயின் வியப்பில்லை. பகுத்தறிவு பேசும் நம் தோழர் சிலரும் தலையசைக்கிறார்களே, அதுதான் நம்மை எழுத வைத்தது.

பூந்தமல்லியில் ஒரு பழைய பள்ளிவாசல் உண்டு. கோல்கொண்டா ஆட்சி நடந்த நாளில், 1653இல் எழுந்தது. அங்குள்ள பாரசீகக் கல்வெட்டின் முன் மாணவரோடு நின்றோம். “ஐயா, இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்றான் ஒரு சிறுவன். பட்டம் பெற்ற நாம் விழித்தோம்! சோழன் கல்வெட்டென்றால் நாலு எழுத்தாவது கூட்டிப் படித்திருப்போம். மத்தியத் தொல்லியல் துறையின் அரபு, பாரசீகக் கல்வெட்டுப் பிரிவு இருப்பதோ நாகபுரியில். (நாகபுரி என்றதும் தோழர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும், அது கிடக்கட்டும்.)

கோயிற் கல்வெட்டுகளைப் படியெடுத்ததும் பொதுப்பணத்தில்தான். அதனால் அரசு திருநீறு பூசிக்கொண்டதா? தேவதானம் எவ்வளவு, பிரமதேயம் எவ்வளவு என்று மேடையில் முழங்குகிறோமே, அந்தச் சான்றுகளை எந்தப் பூசாரி எடுத்துத் தந்தான்? சம்பளம் பெற்ற ஆராய்ச்சியாளரன்றோ தந்தார்!

இஸ்லாத்தை மட்டும் யாரிடம் விட்டுவைப்பது? மௌல்விகளிடமா, வெறுப்பை விற்பவரிடமா? முன்னவர் குறையே இல்லை என்பார். பின்னவர் நிறையே இல்லை என்பார். 2017இல் முத்தலாக் செல்லாதென உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அது குரானுக்கே முரணானது என்று எழுதினார் நீதிபதி குரியன் ஜோசப். நூலைக் கற்றறிந்தோர் இல்லாமல் அந்த வாதம் பிறந்திருக்குமா? சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் நம்மவர். தமிழை அரபு எழுத்தில் எழுதிவைத்த அரபுத்தமிழ் ஏடுகளும் நம் மொழியின் வரலாறே. அவற்றைப் படிப்பவன் பட்டினி கிடக்கலாமோ?

ஆனால் நடந்ததென்ன? சிறுபான்மை மாணவரின் ஆய்வுக்கென 2009இல் வந்த மௌலானா ஆசாத் உதவித்தொகையை, வேறு திட்டங்கள் இருக்கின்றனவே என்று காரணங்காட்டி 2022இல் நிறுத்தினர். 2014-15 முதல் 2021-22 வரை அதற்குத் தேர்வானோர் 6,722 பேர். எத்துறைக்கும் உரிய தொகை அது. இஸ்லாமிய ஆய்வுக்கென்றே ஏற்பட்டதன்று. எனினும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அதுவும் ஒரு வாசல், அடைத்துவிட்டார்கள்.

ஆராதனைக்குக் காலணாவும் கேட்கவில்லை நாம். ஆய்வாளர் முடிவு பள்ளிவாசலுக்குக் கசக்கலாம், மந்திரிக்கும் கசக்கலாம். அதற்காக மானியம் நிற்கலாகாது என்ற விதியோடு தரட்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபு, பாரசீக, உருதுத் துறை இருக்கிறது. அங்குப் பயின்றோர் நால்வருக்கு, பூந்தமல்லியிலிருந்து தொடங்கி இவ்வட்டாரத்துக் கற்களைப் படிக்க மாநில அரசு உதவித்தொகை அளிக்கட்டும்.