தராசும் ஒரு கருவியே

நம் தமிழ் மாணவரிடையே தொழிலைப் பற்றி இருவகைக் கருத்து உலவுகின்றது. ஒரு சாரார், "முதுகலை படித்தவன் கடையில் உட்காருவதா?" என்று முகஞ்சுளிப்பர். மற்றொரு சாரார், தொழில் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் முதலீட்டாளரையும் கோடிகளையும் கனவு காண்பர். 2016ஆம் ஆண்டில் நடுவண் அரசு 'ஸ்டார்ட்-அப் இந்தியா' திட்டத்தைத் தொடங்கிய பின்னர் இக்கனவாளரின் குரல் விடுதிகளில் சற்று ஓங்கியே ஒலிக்கின்றது. முன்னவர் தொழிலைத் தாழ்வென்று எண்ணி விலகுகின்றனர். பின்னவர் அதனைக் குதிரைப் பந்தயம் என்று எண்ணி நெருங்குகின்றனர். இரு சாராருமே தொழிலை அறியாதவர் என்பது என் துணிபு. தொழிலும் ஒரு கல்வியே. ஆய்வுக்கூடத்தைப் போலவே அதற்கும் அளவு உண்டு, ஒழுங்கு உண்டு, தேர்வும் உண்டு.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போக வேண்டுவதில்லை. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் கல்லூரி, ஆசார்ய பிரபுல்ல சந்திர சாலையில் 92ஆம் எண்ணில் இருக்கின்றது. அச்சாலையின் பழைய பெயர் அப்பர் சர்க்குலர் சாலை. அதன் 91ஆம் எண் வீட்டில் குடியிருந்த வேதியியல் பேராசிரியர் ஒருவர், 1892ஆம் ஆண்டில் 700 ரூபாய் முதலில் மருந்துப் பொருள் செய்யும் தொழிலைத் தொடங்கினார். பின்னர்ச் சாலைக்கே பெயர் கொடுத்த பிரபுல்ல சந்திர ராய்தான் அவர். எடின்பரோவில் 1887இல் டாக்டர் பட்டம் பெற்றவர். 1889 முதல் மாநிலக் கல்லூரியாகிய பிரசிடென்சியில் ஆசிரியர். படித்தவன் கடை வைக்கலாமா என்ற கேள்விக்கு நூற்றாண்டுக்கு முன்பே விடை சொல்லிவிட்டார் அவர்.

அவர் எதனைக் கொண்டு தொடங்கினார்? எலும்பைக் கொண்டு! ராஜாபஜார்க் கசாப்புக் கடைகளில் கழித்துப் போட்ட மாட்டெலும்புகளை வாங்கி வந்து மாடியில் உலர்த்தினார். மழை பெய்து எலும்பில் ஒட்டிய தசை அழுகியது, காக்கைகள் கொத்திப்போய் அண்டை வீடுகளில் போட்டன, அயலார் சினந்தனர். எலும்பை வேறிடத்திற்குக் கொண்டுபோய் எரித்துச் சாம்பலாக்கினார். அச்சாம்பலைக் கந்தக அமிலத்தோடும் பின்னர்ச் சோடாவோடும் வினைப்படுத்தி மருந்துக்குரிய பாஸ்பேட்டு உப்பைச் செய்தார். அருகில் கிடைப்பது எது, மலிவாய்க் கிடைப்பது எது, அதனை மதிப்புள்ள பொருளாக மாற்றும் அறிவு நம்மிடம் இருக்கிறதா — தொழில் தொடங்குவோன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இவை. முதலீட்டாளர் எங்கே என்பது இவற்றுக்குப் பின்னரே வரவேண்டிய கேள்வி.

ராய் முயன்றவையெல்லாம் பலித்தனவா? இல்லை. எலுமிச்சைச் சாற்றிலிருந்து சிட்ரிக் அமிலம் எடுக்க முயன்றார். வேதியியல் முறை சரியே. எலுமிச்சையின் விலைதான் இடங்கொடுக்கவில்லை. அவர் அதனைக் கைவிட்டார். நண்பர்களே, நம் வகுப்பறை கற்பிக்காத பாடம் இது. ஆய்வுக்கூடத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கு விளைச்சல் கிடைத்தாலும் குறிப்பேட்டில் எழுதி மதிப்பெண் பெறுகிறோம். கடையிலோ, மீதி அறுபது பங்கும் நம் பணம்! குடுவையில் வென்ற வினை சந்தையில் தோற்கலாம். தோற்றதைத் தக்க சமயத்தில் விடுவதும் அறிவே. ஊதியத்தை எண்ணி முதலையே இழக்கும் வினையை அறிவுடையோர் மேற்கொள்ளார் என்ற கருத்தை வள்ளுவர் 'தெரிந்து செயல்வகை'யில் வைத்ததும் இதனாலன்றோ?

மூன்றாவது பாடம் விற்பனை. சரக்கைச் செய்வது பாதி வேலை. அதனை ஒருவர் நம்பி வாங்கச் செய்வது மறுபாதி. சீமைச் சரக்கே உயர்ந்தது என்று மருந்துக்கடைக்காரர் எண்ணிய காலம் அது. ராயின் நண்பர் மருத்துவர் அமூல்ய சரண் போஸ் தொழிலில் கூட்டாகச் சேர்ந்து, தம் துறை மருத்துவரிடையே அம்மருந்துகளைப் பரவச் செய்தார். ஆடாதோடை, ஓமம் போன்ற நாட்டு மூலிகைகளும் அளவறிந்து செய்த மருந்தாகிப் புட்டிகளில் வந்தன. 1898இல் போஸ் பிளேக் நோய்க்குப் பலியானார். பெரும் இடி அது. ஆயினும் தொழில் நின்றுவிடவில்லை. 1901இல் 'பெங்கால் கெமிக்கல்' வரையறுக்கப்பட்ட கூட்டு நிறுவனம் ஆயிற்று.

பெரியோர் கதை இருக்கட்டும். சிறுகடையும் இதே பாடத்தைத்தான் சொல்கின்றது. என் தந்தையார் லேக் மார்க்கெட் பக்கத்தில் இருபத்தைந்து ஆண்டுகளாகக் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கின்றார். கல்லூரி வாயிலை மிதியாதவர். ஆனால் பச்சைக்கொட்டையை வறுத்தால் எடை குறையும் என்பதையும், எந்தப் பதத்திற்கு எவ்வளவு குறையும் என்பதையும் கண்ணாலே அறிவார். 100 கிலோ 82 கிலோ ஆகுமானால், கிலோ 500 ரூபாய்க்கு வாங்கிய கொட்டையின் அடக்கவிலை வறுத்தபின் ஏறத்தாழ 610 ரூபாய். விறகோ எரிவாயுவோ, வாடகையோ, கூலியோ இன்னும் சேரவில்லை. இக்கணக்கைப் போடாமல் கடை திறந்து, விற்பனை பெருகப் பெருக நட்டமும் பெருகி மூடிப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடனைப் பற்றியும் அங்கேதான் கற்றேன். இன்று கைப்பேசியைத் தட்டினால் பணம் வந்துவிடுகின்றது. ஆயினும் "மாதக் கடைசியில் தருகிறேன்" என்ற சொல் மறையவில்லை. 1,000 ரூபாய்ச் சரக்கில் 100 ரூபாய் ஊதியம் என்று கொள்வோம். ஒருவர் அந்த ஆயிரத்தைத் தராது போனால், இழந்த 900 ரூபாய் முதலை மீட்க இன்னும் 9,000 ரூபாய்க்குச் சரக்கு விற்க வேண்டும். ஒருவர்க்குக் காட்டிய தாட்சண்யத்திற்கு ஒன்பது பேரிடம் உழைக்க வேண்டியிருக்கின்றது. இதனால் கடனே கூடாது என்று சொல்ல வரவில்லை. எவ்வளவு கடன் தாங்கும் என்று அறியாமல் கொடுக்கக் கூடாது என்கிறேன்.

இவ்வாண்டுத் தேர்வு முடிந்ததும் நான் அக்கடைக்கே செல்ல முடிவு செய்துள்ளேன். வறுத்த நாளைப் பொட்டலத்தில் அச்சிட்டு, ஒவ்வொரு வறுவலுக்கும் ஒரே தரம் வருமாறு வெப்பத்தையும் நேரத்தையும் அளந்து செய்ய விரும்புகிறேன். உறவினர் சிரிக்கின்றனர். அதற்கு நான் அஞ்சவில்லை. என் அன்னையாரின் மறுப்புத்தான் என்னைச் சிந்திக்க வைக்கின்றது. "உன் அப்பா இருபத்தைந்து வருஷமாக ஒரு நாள் ஓய்வு கண்டதில்லை, நீயாவது மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கடா" என்கிறார். இதில் உண்மை இல்லாமல் இல்லை. சம்பளக்காரன் காய்ச்சலில் படுத்தாலும் அடுப்பெரியும். கடைக்காரன் படுத்தால் கடையும் படுக்கும். இந்த இடரை மறைத்துத் தொழிலைப் புகழ்வது பொய்யாகும். ஆதலால்தான், இழந்தால் குடும்பம் குலையும் பணத்தைப் போடாதே. ஓராண்டுச் செலவை ஒதுக்கி வை. உன்னைத் தவிர இன்னொருவர்க்கும் வேலையைப் பழக்கு என்கிறேன். இம்மூன்றையும் அன்னையாரிடம் வாக்களித்துள்ளேன். அவர் இன்னும் இணங்கவில்லை.

பெங்கால் கெமிக்கலின் பிற்காலமும் நமக்குப் பாடமே. அதன் நிருவாகத்தை 1977இல் அரசு ஏற்றது. 1980இல் நாட்டுடைமை ஆக்கிற்று. பல்லாண்டு நட்டத்திற்குப் பின் 2016-17 நிதியாண்டில்தான் மீண்டும் இலாபம் கண்டது. தொடங்கியவர் எத்துணைப் பெரியவராயினும், அவர் புகழ் ஆண்டுக்கணக்கை நேர் செய்யாது. ஒவ்வொரு தலைமுறையும் தராசைப் புதிதாகப் பிடிக்க வேண்டும்.

தமிழர்க்கு இது புதிதா? மணிமேகலை பாடிய சாத்தனாரை மதுரைக் கூலவாணிகன் என்றே உலகம் அழைத்தது. தானியம் அளந்த கை காப்பியம் எழுதிற்று. இரண்டையும் இழிவென்று யாரும் சொல்லவில்லை.

நம் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடக்கட்டும். அவற்றோடு மாதம் ஒரு மாலை, இந்நகரில் கடையோ பட்டறையோ நடத்தும் தமிழர் ஒருவரை அழைப்போம். சொற்பொழிவு வேண்டா, அவர் கணக்கேட்டை எப்படி எழுதுகிறார் என்று காட்டச் சொல்வோம். வேலைக்குப் போகிறவனும் அதனால் கெட்டுப்போகமாட்டான். தொழிலுக்குப் போகிறவனோ, பிறர் பட்டறிந்ததைத் தன் முதலை இழக்காமலே கற்றுக்கொள்வான்.