விழா முடிந்த மறுநாள்



மரம் நடு விழா, சுற்றுச்சூழல் நாள், கோத்தோங் ரோயோங் என்று இப்போதெல்லாம் அடிக்கடி ஏதாவது ஒன்று நடக்கிறது. கோயில் மண்டபத்தில் ஒன்று, பள்ளித் திடலில் ஒன்று, பட்டணத்து அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஒன்று. சட்டை கொடுக்கிறார்கள், மீ கோரெங் பொட்டலம் கொடுக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். பிரமுகர் ஒருவர் கன்றை நட்டு, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, கைத்தட்டல் வாங்கிக்கொண்டு காரில் ஏறுகிறார். எல்லாம் சரி. மறுநாள் அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்? இந்த மாதம் உங்களோடு பேச நினைத்தது இதைப் பற்றித்தான்.

விழாவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஊர் கூடினால்தான் தேர் நகரும். ஆனால் கன்று வளர்ப்பதைப் பற்றி நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. இந்த நாட்டின் ரப்பர் மரங்களை வளர்த்தவர்கள் நம் பாட்டன், பாட்டிமார். நட்ட நாளிலே எந்த மரத்திலும் யாரும் பால் வெட்டியதில்லை. ஐந்தாறு ஆண்டுகள் புல் வெட்டி, உரம் போட்டு, செத்த கன்றுக்குப் பதில் கன்று வைத்துக் காத்திருந்த பிறகுதான் மரத்தில் கத்தி பட்டது. நடுவது ஒரு நாள் வேலை, வளர்ப்பது ஆறு வருட வேலை. தோட்டத்துப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த உண்மை, விழா நடத்துபவர்களுக்குச் சில வேளைகளில் மறந்துவிடுகிறது.

"வாத்தியாரே, இதெல்லாம் நமக்கு எதற்கு? புகை விடுவது பெரிய நாடுகளும் பெரிய ஆலைகளும் அல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தண்ணீர் வருவது நம் வீட்டுக்கு. காற்றின் வெப்பம் ஒரு பாகை கூடினால் அது சுமக்கக்கூடிய நீராவி சுமார் 7 விழுக்காடு கூடும். சுமந்ததை அது ஒரு நாள் இறக்கத்தானே வேண்டும்? அதனால்தான் இப்போது பெய்தால் கொட்டித் தீர்க்கிறது.

2021ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18ஆம் தேதிகளை சிலாங்கூர் மக்கள் மறக்க மாட்டார்கள். ஒரு மாதத்து மழை ஒரே நாளில் பெய்தது என்று அதிகாரிகளே கூறினார்கள். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மாடியிலும் கூரையிலும் ஏறி நின்று படகுக்காகக் காத்திருந்தார்கள். நாடு முழுவதும் 50க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த வெள்ளத்தால் ஏற்பட்ட நட்டம் 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவர இலாகா கணக்கிட்டது. மழைக்கு ஏழை, பணக்காரன் தெரியாது என்பார்கள். ஆனால் தண்ணீருக்குத் தாழ்ந்த இடம் தெரியும். விலை குறைந்த வீடு பெரும்பாலும் தாழ்ந்த இடத்தில்தான் இருக்கிறது. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்த நம் குடும்பங்களில் எத்தனையோ பேர் குடியேறியதும் அப்படிப்பட்ட இடங்களில்தானே?

ஆகவே இந்த விழாக்கள் நமக்கு வேண்டியவைதான். அவற்றில் உருப்படியானது எது, ஒரு நாள் கூத்து எது என்று அடையாளம் காண நமக்குத் தெரிய வேண்டும். உருப்படியாக நடந்தவற்றுக்கு இந்த நாட்டிலேயே நல்ல உதாரணங்கள் உண்டு.

முதலாவது, கோல சிலாங்கூர் பக்கம் இருக்கும் ராஜா மூசா காடு. அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் உறவினர் இருப்பவர்கள் அதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மலாய்க்காரர்கள் 'தானா கம்புட்' என்று சொல்லும் கரிய மண் அங்கே உள்ளது. இலையும் கட்டையும் தண்ணீருக்குள் மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்து உண்டான மண் அது. ஈரமாக இருக்கும்வரை அது பஞ்சுபோல மழைநீரைப் பிடித்து வைக்கும். வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால், காய்ந்து விறகாகிவிடும். அதில் தீப்பிடித்தால் மேலே அணைத்தாலும் அடியில் கனன்றுகொண்டே இருக்கும். 1997இலும் 2015இலும் நம் கண்ணை எரித்து, பிள்ளைகளைப் பள்ளிக்குப் போக விடாமல் செய்த புகைமூட்டத்தில் பெரும்பகுதி சுமத்ரா, கலிமந்தான் பகுதிகளில் இப்படிப்பட்ட மண் எரிந்ததால் வந்ததுதான்.

ராஜா மூசாவில் 2008ஆம் ஆண்டு முதல் சிலாங்கூர் வன இலாகாவும் உலகளாவிய சுற்றுச்சூழல் மையம் என்னும் அமைப்பும் ஊர் மக்களைச் சேர்த்துக்கொண்டு மரம் நட்டு வருகின்றன. அங்கே கன்று நடுவது மட்டும் வேலை அல்ல. வாய்க்கால்களை அடைத்து மண்ணில் தண்ணீர் மட்டத்தை உயர்த்துவதுதான் அடிப்படை வேலை. செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு வாய்க்காலைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. தண்ணீரை வடிக்கத் தெரிந்த நமக்கு, அதைத் தேக்குவதன் அருமையும் தெரியும். மண் காய்ந்து கிடந்தால் ஆயிரம் பேர் வந்து ஆயிரம் கன்று நட்டாலும் அடுத்த வெயிலில் ஒரு தீக்குச்சி போதும். விழாவுக்கு முன்னால் நடக்கும் வேலையையும் பாருங்கள் என்பது இதில் உள்ள பாடம்.

இரண்டாவது, கடற்கரை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி வந்தபோது பினாங்கிலும் கெடாவிலும் பல உயிர்கள் போயின. அலையின் வேகத்தைக் குறைக்கக் கண்டல் காடு உதவும் என்று நாடே அப்போதுதான் பேசத் தொடங்கியது. ஆனால் பினாங்கு கரையோர மீனவர் நல்வாழ்வுச் சங்கத்தார் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே கண்டல் கன்றுகளை நட ஆரம்பித்துவிட்டார்கள். காரணம் எளியது. கண்டல் வேர்களுக்கிடையில்தான் இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்கின்றன. காடு போனால் வலையில் மீன் விழாது. தங்கள் சோற்றோடு சம்பந்தப்பட்ட வேலை என்பதால் அவர்கள் மறுநாளும் போய்ப் பார்த்தார்கள். ஊர்ப் பிழைப்போடு ஒட்டாத விழா நிலைக்காது என்பது இதில் உள்ள பாடம்.

பேரா மாநிலத்து மாத்தாங் கண்டல் காட்டையும் சொல்ல வேண்டும். சுமார் 40,000 ஹெக்டர். நூறு ஆண்டுகளுக்கு மேலாக முறை வைத்து நிர்வகிக்கப்படும் காடு. அங்கே வெட்டும் மரம் கோல செப்பெத்தாங் சூளைகளில் கரியாகிறது. ஓரிடத்தில் வெட்டினால் மறுபடியும் அங்கே வெட்டுவதற்குச் சுமார் 30 ஆண்டுகள் செல்லும். இடையில் தானாக முளைக்காத இடத்தில் கன்று நடுகிறார்கள். அப்பன் நட்டதை மகன் வெட்டுகிறான், மகன் நட்டதைப் பேரன் வெட்டுவான். தொடர்ந்து பார்ப்பவர் இருந்தால் காடும் இருக்கும், பிழைப்பும் இருக்கும்.

இனி நம் வாசலுக்கு வருவோம். 2019ஆம் ஆண்டு மலேசியாவில் 130,101 பேருக்கு டிங்கிக் காய்ச்சல் கண்டது. 182 பேர் இறந்தார்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாவதற்கு நம் நாட்டு வெப்பத்தில் ஒரு வாரம், பத்து நாள் போதும். அப்படியானால் வருடத்துக்கு ஒரு தடவை கோத்தோங் ரோயோங் செய்தால் யாருக்கு லாபம்? கொசுவுக்குத்தான் லாபம். வாரம் ஒருமுறை, பத்தே நிமிடம், பூச்சட்டித் தட்டையும் பழைய டயரையும் கூரைத் தாரையையும் பார்த்துத் தண்ணீரைக் கொட்டினால், ஒரு தலைமுறைக் கொசுவே அடிபட்டுப் போகும். ஊர்வலமும் பதாகையும் இல்லாத இந்தப் பத்து நிமிடமும் ஒரு விழாதான்.

இதோ, நம் ஊரில் செய்யக்கூடிய சில காரியங்கள்.

ஒன்று: கால்வாய் சுத்தம் செய்யும் நாளைச் செப்டம்பரில் வையுங்கள். மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பரில் மாலை இடிமழை வலுக்கும். கிழக்குக் கரையில் நவம்பரில் பருவமழை தொடங்கும். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. பெரிய கால்வாயும் நீர்த்தேக்கக் குளமும் தூர்ந்து கிடந்தால் அது நம் மண்வெட்டிக்கு அடங்காது. நகராண்மைக் கழகத்துக்குப் படத்தோடும் கையெழுத்துகளோடும் மனு எழுதுங்கள். ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். சுத்தம் செய்வது நம் கடமை, கேட்பது நம் உரிமை.

இரண்டு: தாய்மார்களே, இது உங்களுக்கு. அடையாள அட்டை, 'சூராட் பெரானாக்' என்று நாம் சொல்லும் பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், இ.பி.எஃப். தாள் எல்லாவற்றையும் தண்ணீர் புகாத பையில் போட்டு, கையில் எடுக்கத் தோதாக உயரத்தில் வையுங்கள். தட்டுமுட்டுச் சாமான் போனால் வாங்கலாம். ஒரு பத்திரம் போனால் அந்தப் பிள்ளைக்காக எத்தனை நாள் சம்பளத்தை விட்டு இலாகா வாசலில் நிற்க வேண்டியிருக்கும் என்பது நம்மவர்களுக்குத் தெரியாததா?

மூன்று: மழைநீர். வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் கணக்கு இது. கூரை 9 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் எத்தனை லிட்டர்? விடை 540 லிட்டர். குழாயில் தண்ணீர் நின்றுபோகும் நாளில் துணி துவைக்கவும் செடிக்கு ஊற்றவும் அது போதும். தொட்டிக்கு இறுக்கமான மூடி வேண்டும். இல்லையேல் டிங்கிக்குத் தொட்டில் கட்டியதாகிவிடும்.

நான்கு: புதிய விழா எதற்கு? நமக்கு இருக்கிற விழா போதாதா? பொங்கல், தைப்பூசம், கோயில் திருவிழா என்று ஊர் கூடும் நாள் ஏராளம். தண்ணீர்ப் பந்தலில் நெகிழிக் குவளைக்குப் பதில் எவர்சில்வர் டம்ளர் வையுங்கள். கழுவுவதற்கு இளைஞர்களை நிறுத்துங்கள். அன்னதானத்தில் எறிந்த இலையையும் காய்கறித் தோலையும் குழியில் போட்டு மூடினால் சில மாதத்தில் எருவாகும். சாமிக்குச் செய்த காரியம் சாக்கடையை அடைக்கக்கூடாது.

ஐந்தாவதுதான் முக்கியம். பிரட்டுக் களத்தில் தினமும் காலையில் பேர் கூப்பிட்டார்களே, நினைவிருக்கிறதா? வராதவன் பேருக்கு எதிரே கிராணி கோடு போடுவார். நட்ட கன்றுக்கும் அதேபோல ஒரு செக்ரோல் போடுங்கள். ஒரு பழைய நோட்டுப் புத்தகம் போதும். கன்றுக்கு ஒரு எண், பொறுப்பாளர் பேர், தண்ணீர் ஊற்றிய தேதி. செத்தால் செத்தது என்று எழுதுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஏன் செத்தது என்று எழுதினால் அடுத்த கன்று பிழைக்கும். அந்தப் புத்தகத்தைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அவர்கள் நம்மைவிடக் கண்டிப்பான கிராணிகள்.

அடுத்த முறை உங்கள் ஊருக்கு மரம் நடு விழா என்று அழைப்பு வந்தால் கட்டாயம் போங்கள். சட்டையை வாங்கிக்கொள்ளுங்கள், சாப்பாட்டையும் சாப்பிடுங்கள். பேச்சு முடிந்ததும் எழுந்து நின்று மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐயா, நாளைக்கு யார் வருவது?" பதில் சொல்ல யாரும் இல்லாவிட்டால், உங்கள் பேரை முதல் பேராக எழுதிக் கொடுங்கள்.