காலடி மின்சாரம்: கணக்கு ஒப்பவில்லை

நீண்டு சுருங்கும் ரப்பர் படலத்தைச் செருப்பிலும் சாலையிலும் பதித்தால், கண்ணமங்கலம் தொடங்கி ஜவ்வாது மலை ஊர்கள்வரை நடையாலேயே விளக்கெரியும் என்கிறது ஒரு வாதம். அந்த ஆர்வம் மதிக்கத்தக்கது, கணக்கு ஏற்கத்தக்கதல்ல. இழுத்த படலத்தில் மின்னூட்டம் ஏற்றித் தளரவிட்டால் மின்னழுத்தம் உயரும். அந்த ஆற்றல் படலம் தருவதல்ல, இழுத்த தசை தருவது. அமெரிக்காவின் எஸ்ஆர்ஐ ஆய்வு நிறுவனம் குதிகாலில் பொருத்திச் சோதித்த கருவி ஓர் அடிக்குத் தந்தது சுமார் 0.8 ஜூல். 10,000 அடி நடந்தாலும் 8,000 ஜூல்தான். 9 வாட் எல்இடி பல்பு அதில் கால் மணி நேரம்கூட எரியாது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 45 லட்சம் அடிகள் வேண்டும்.

வேலூர்–திருவண்ணாமலைச் சாலையில் ஓடும் பேருந்துகளின் எடை போதாதா என்று கேட்கலாம். ஓடும் வண்டியின் கீழ் சாலை அமுங்கினால் எஞ்சின் கூடுதலாக உழைக்கும். கிடைப்பது இலவச மின்சாரமல்ல, டீசலின் மின்சாரம். அப்படியானால் இந்த நுட்பமே வீணா? இல்லை. பாலத்தின் அதிர்வைக் கவனிக்கும் உணரிக்கு மில்லிவாட் போதும். கடலலையின் பெரிய, மெதுவான அசைவுக்கும் ரப்பர் பொருந்தும். ஆராய்ச்சிப் பணம் அங்கே போகட்டும். மலைவீட்டு விளக்குக்குச் சூரியத் தகடும் மின்கம்பியுமே வழி. நடந்து களைத்த கால்களிடம் மின்சாரமும் கேட்பது நியாயமல்ல.