வந்து மறையும் பிரேக் கோளாறு

காய்ச்சல்களுள் முறைக்காய்ச்சல் பொல்லாதது. வைத்தியர் வந்து பார்க்கும் வேளையில் நோயாளி எழுந்திருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருப்பான். அவர் படலையைத் தாண்டியதும் நடுக்கம் தொடங்கும். மோட்டார் வண்டிகளின் மின்சுற்றுக்களிலும் இத்தகைய காய்ச்சல் உண்டு. கராச்சிலே ஒரு குறையும் தோன்றாது. வீடு திரும்பும் வழியில் எச்சரிக்கை விளக்கு மீண்டும் எரியும். பிரேக் அமைப்பில் இது நேருமாயின், பணச் செலவோடு நிற்பதன்று. வண்டியில் இருப்போர் உயிரையும் தெருவில் நடப்போர் உயிரையும் தொடுவது. ஆதலின் அதனை ஆராயும் முறையை இவ்வாரம் நாம் எடுத்துக்கொள்கிறோம்.

பிரேக்குக்கும் மின்சாரத்துக்கும் என்ன தொடர்பு என்று மாணவர் வினவலாம். மிதியின் விசையைச் சில்லுகளுக்குக் கொண்டு செல்வது எண்ணெயின் அமுக்கமே. ஆயினும் ஈரத் தெருவில் சடுதியாக மிதித்தால் சில்லு இறுகி வழுக்கும். வழுக்கும் சில்லைச் சுக்கானால் வழிப்படுத்த இயலாது. இதனைத் தவிர்க்க எழுந்ததே ஏ.பி.எஸ். என்னும் அமைப்பு. ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் ஆக்கிய இலத்திரனியல் முறை 1978 ஆம் ஆண்டில் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களில் இடம்பெற்றது. இன்று அது சாதாரண குடும்பக் கார்களிலும் உண்டு.

இதன் கண்கள் சில்லுகளின் அருகேயுள்ள உணரிகளாகும். பழைய வகை உணரி, காந்தத்தின்மேற் சுற்றிய ஒரு கம்பிச் சுருள். சில்லோடு சுழலும் பல்வளையத்தின் பற்கள் அதனைக் கடக்குந்தோறும் காந்தப் பாயம் மாறி, ஆடலோட்ட அழுத்தம் ஒன்று தூண்டப்படும். சில்லு விரைந்தால் அது கூடும், தளர்ந்தால் குறையும். கட்டுப்பாட்டுப் பெட்டி சில்லுகளின் வேகங்களை ஒப்பிட்டு, ஒன்று இறுகப் போவதை அறிந்ததும் அதன் எண்ணெய் அமுக்கத்தைத் தளர்த்தி, மீண்டும் கூட்டும். ஒரு சைகை அறுந்தால் பெட்டி தன் காவலை நிறுத்தி மஞ்சள் விளக்கை ஏற்றும். அப்போதும் சாதாரண பிரேக் வேலை செய்யும். சில்லு இறுகாமற் காப்பதற்குத்தான் ஒன்றுமில்லை.

இனி, கோளாறு ஒளிந்திருக்கும் இடங்களைக் காண்போம். உணரியின் கம்பி, சில்லு ஆடுந்தோறும் வளைவது. உறையினுள்ளே செம்பிழைகள் ஒவ்வொன்றாய் அறும். வெளியே உறை பழுதின்றித் தோன்றும். அறுந்த முனைகள் தொட்டிருக்கும்வரை சைகை செல்லும். சுக்கானைத் திருப்பியதும் விலகும். இணைப்புக்களில் ஈரம் புகுந்து பச்சைக் களிம்பு படரும். கடற்கரையூர்களில் உப்புக் காற்று இதனை விரைவாக்கும். பல்வளையம் வெடித்தலும், பெயரிங் தேய்ந்து ஆடுதலும் உண்டு. உணரி பொருந்தும் இடத்தில் துரு ஏறி அதனை வளையத்தினின்று தள்ளினால், வண்டி மெதுவாக வந்து நிற்கும் தறுவாயில் சைகை நலியும்; உலர்ந்த தெருவிலும் மிதி காலின்கீழ்த் துடிக்கும்.

ஆராய்வோர் கொள்ளவேண்டிய விதிகள் மூன்று. முதலாவது, பெட்டியின் நினைவிலுள்ள குறியீட்டை வாசித்து எழுதிவைக்காமல் அழித்தல் கூடாது. அது குற்றம் நடந்த இடத்தின் சுவடு. இரண்டாவது, குறியீடு "முன் இடச் சில்லு உணரி" என்று சொன்னால், அந்தச் சுற்றில் குறை என்பதே பொருள். உணரி, கம்பி, இணைப்பு, பெட்டி ஆகிய நான்கும் அதில் அடங்கும். உடனே புதிய உணரி வாங்குவோர் பலர், பணம் கொடுத்த பின்னும் அதே விளக்கைக் காண்கின்றனர். மூன்றாவது, கோளாறு தோன்றும்வரை காத்திராமல் அதனை வரவழைத்தல் வேண்டும். பழைய வகை உணரியாயின் பல்மானியைத் தொடுத்துத் தடையை நோக்கியவாறே கம்பியை அசைத்தும், சுக்கானை இருபுறமும் திருப்பியும் பார்க்கலாம். முள் துள்ளினால் கள்வன் அங்கே உள்ளான். புதிய வகை உணரிகளை ஓம்மானியால் அளத்தல் தகாது, அவை பழுதுறலாம். அவற்றுக்கு, வெறுந் தெருவில் ஒருவர் செலுத்த, மற்றவர் வாசிக்கும் கருவியில் நான்கு சில்லுகளின் வேகத்தையும் நோக்குவதே வழி. திடீரெனச் சுழியமாகும் சில்லே குற்றவாளி.

மாணவர்க்கு ஒரு கணக்குத் தருகிறோம். பிரேக் விளக்கின் மின்குமிழ் 12 உவோற்று, 21 உவாற்று எனக் கொள்க. ஓட்டம் 1.75 அம்பியர்; தடை ஏறத்தாழ 6.9 ஓம். களிம்பேறிய இணைப்பு ஒன்று 2 ஓம் தடையைச் சேர்த்தால், ஓட்டம் ஏறத்தாழ 1.35 அம்பியராகக் குறைந்து, 2.7 உவோற்று அவ்விணைப்பிலேயே வீணாகும், குமிழ் மங்கும். ஆனால் குமிழைக் கழற்றிவிட்டு அளந்தால் உவோற்றுமானி முழு 12 உவோற்றையும் காட்டும். அதனூடாக ஓடுவது மிகச் சிறிய ஓட்டமாதலின் இணைப்பில் இழப்பில்லை. சுமை இருக்கும்போது அளந்தாலன்றி நோய் வெளிப்படாது என்பதே இதன் பாடம்.

வீட்டார் செய்யக்கூடியதும் உண்டு. விளக்கு எப்போது எரிந்தது, மழையா வெயிலா, வளைவிலா பள்ளத்திலா, வண்டி புறப்பட்டு எவ்வளவு நேரம் என்பவற்றை ஒரு சிறு கொப்பியில் குறித்துவைத்தால், அது மெக்கானிக்கின் பாதி வேலையைக் குறைக்கும். மஞ்சள் விளக்கு எரிந்தால் மெதுவாகச் செலுத்தி, விரைவிற் சோதிக்க வேண்டும். சிவப்பு விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியை நிறுத்துவதே அறிவுடைமை. பின் சில்லுகளைக் காக்கும் பங்கீடும் நின்றிருக்கலாம், எண்ணெயும் குறைந்திருக்கலாம். பழைய கார் வாங்குவோர், திறப்பைத் திருப்பியதும் இவ்விளக்கு சில விநாடி எரிந்து அணைகின்றதா என்று நோக்குக. எரியவே இல்லையெனின், குமிழை யாரோ கழற்றியிருத்தலும் கூடும்.

தானாக மறைந்த கோளாறு தீர்ந்த கோளாறு அன்று. அறுந்த இழை உறையினுள்ளே ஒட்டி வளர்வதில்லை. அடுத்த மழைவரை, அடுத்த பள்ளம்வரை அது காத்திருக்கும். விளக்கு அணைந்த நாளே அதனைத் தேடத் தொடங்குதற்குரிய நாள் எனக் கொள்க.