புகையானுக்குத் தீனி போடுவது யார்?

நெல்லில் புகையான் விழுந்தால் "மருந்தடி!" என்கிறான் கடைக்காரன். கடனுக்கே தருவான், கணக்கு அறுவடையில் தீரும். அவன் மருந்தில் சிலந்தி சாகிறது. இலையுறைக்குள் இருக்கும் புகையான் முட்டை தப்பிவிடுகிறது! தின்ன ஆளில்லாத பூச்சி பெருகாமல் என்ன செய்யும்?

கம்யூனிஸ்டுகளின் ரத்தத்தில் நடந்து பதவியேறிய இந்தோனேஷிய சுகர்த்தோவே இந்த உண்மைக்குப் பணிந்தான். 1986ல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தான்.

இயற்கை முறையில் பயிரிடும் நம் சிறு விவசாயிகள் எட்டடிக்கு ஓரடி இடைவெளி விட்டு நடுகிறார்கள். 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கிறார்கள். ஆனால் வயலில் நிற்கும் தண்ணீரை வடிக்க வேண்டுமே! வடிகாலோ தூர்ந்து கிடக்கிறது. ஒரு காணிக்காரர் தனியே வெட்டித் தீருமா? சர்க்காரே, கடைக்காரனுக்குக் காவல் நின்றது போதும். வடிகாலைத் தூர் வாரிக் கொடு!