எது விறுவிறுப்பான ஆட்டம்?

"தொண்ணூறு நிமிடம் ஓடி ஒரே ஒரு கோல்! இதுவும் ஒரு விளையாட்டா?" என்பது என் அண்ணனின் கட்சி. தொலைக்காட்சியில் அமெரிக்கக் கால்பந்தைப் பார்த்த நாள் முதல் அவனுக்கு நம் கால்பந்து சப்பென்று ஆகிவிட்டது. சாப்பாட்டு வேளையில் தொடங்கிய அந்த வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை. ஆகவே அதை ஆண்டு மலர் வாசகர்களாகிய உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் அண்ணன் பக்க நியாயம். அமெரிக்கக் கால்பந்தில் பக்கத்துக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள்; அதற்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டு சேர்த்தால் 6 புள்ளிகள். ஒவ்வொரு வாய்ப்பும் சதுரங்கக் காய் நகர்த்துவது போல் திட்டமிட்டு ஆடப்படுவது. அறிவுக்கு வேலை உண்டு; மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு மோதலுக்குப் பின்னும் ஆட்டம் நின்றுவிடுகிறது. கடிகாரக் கணக்கில் 60 நிமிட ஆட்டம் முடிய ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகிறது. தலைக்கவசமும் தோள்கவசமும் இல்லாமல் களத்தில் இறங்கவும் முடியாது.

ரக்பி அப்படியன்று. அணிக்கு 15 பேர். 80 நிமிட ஆட்டம். பந்தைக் கையால் முன்னே எறியக் கூடாது. பின்னால் வருபவரிடம் கொடுத்துக் கொடுத்தே அணி முன்னேற வேண்டும். பந்துடன் ஓடுபவரைப் பிடித்து வீழ்த்தும்போது நமக்குச் சடுகுடு நினைவுக்கு வருகிறது. இந்த ஆட்டத்துக்கும் நம் நாட்டுக்கும் ஓர் உறவும் உண்டு. 1873-இல் கல்கத்தாவில் ஆங்கிலேயர் ஒரு ரக்பி சங்கம் அமைத்தனர். சில ஆண்டுகளில் அது கலைந்தபோது, கையிருப்பில் இருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி ஒரு கோப்பை செய்தனர். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அந்தக் 'கல்கத்தா கோப்பை'க்காக மோதி வருகின்றன. கோப்பையின் கைப்பிடிகள் நாகங்கள்; மூடியின் மேல் ஒரு யானை!

இவ்வளவு இருந்தும் என் வாக்கு கால்பந்துக்கே. விறுவிறுப்பு புள்ளிகளின் எண்ணிக்கையிலா இருக்கிறது? கோல் அரிதாக விழுவதால்தான் ஒவ்வொரு நொடியும் நெஞ்சு படபடக்கிறது. ஒரே உதையில் எளியவர் வலியவரை வென்றுவிடலாம். 1911-இல் மோகன் பகான் வீரர்கள், ஒருவரைத் தவிர அனைவரும் வெறுங்காலுடன் ஆடி, கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2–1 என்று வென்றனர். மொத்தம் மூன்றே கோல்கள்! நூறாண்டு கடந்தும் நாடு அதை மறக்கவில்லை.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அண்ணன் சிரித்தான். "நீ ஒரு நாளாவது பந்தை உதைத்திருக்கிறாயா?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு இரயிலில் போகும்போது மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நிலையங்கள் வரும். அறுவடை முடிந்த வயல்களில் பையன்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள். சென்ற முறை சன்னலோரம் அமர்ந்து பார்த்துக்கொண்டே வந்தேன். ஆடியவர்களில் ஒரு பெண் கூட இல்லை. நமக்கு எறிபந்தும் வளையப்பந்தும் போதும் என்று யாரோ என்றோ முடிவு செய்துவிட்டார்கள்.

இந்த முடிவு நம் ஊரில் மட்டும் எடுக்கப்பட்டதன்று. 1920-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள், இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பெண்கள் ஆடிய கால்பந்தைக் காண 53,000 பேர் திரண்டனர். மறு ஆண்டே, இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதன்று என்று கூறி, கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களின் கதவை அவர்களுக்கு அடைத்தது. அக்கதவு திறக்க ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆயின. பார்க்க ஆளில்லாமல் அடைத்தார்களா? இல்லையே!

நமக்கு எடுத்துக்காட்டு தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. 1993-இல் பிரிக்கப்படும் வரை நாமும் கடலூரும் ஒரே தென்னாற்காடு மாவட்டம். அந்தக் கடலூரிலிருந்து வந்தவர் இந்திய வீராங்கனை இந்துமதி கதிரேசன். 2018-இல் கட்டாக்கில் நடந்த தேசியப் போட்டியின் இறுதியாட்டத்தில், பலமுறை வாகை சூடிய மணிப்பூரைத் தமிழ்நாட்டுப் பெண்கள் 2–1 என்று வென்றனர். அவ்வணியின் முன்னணி வீராங்கனை அவரே. பின்னர் அவர் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளரானார். மீண்டும் அதே 2–1! மூன்று கோல் போதாது என்று இனி யார் சொல்வார்?

வெயிலில் கறுத்துப் போவாய், கால் உடைந்தால் நாளை யார் பொறுப்பு என்று அம்மாக்கள் அஞ்சுவது அன்பினால்தான். ஆனால் படிக்கட்டில் வழுக்கி விழுந்தாலும் கால் உடையும். அதற்காக யாரும் மாடியை மூடிவிடுவதில்லை. பொதுத்தேர்வு ஆண்டு என்பதால் உடற்பயிற்சி வகுப்பைக் கணக்குக்குக் கொடுத்துவிடுவதும் சரியன்று. புனித சின்னப்பரே விசுவாச வாழ்வைப் பந்தய ஓட்டத்துக்கு ஒப்பிட்டார். ஓடாதவருக்கு அந்த உவமை எப்படி விளங்கும்?

மதிப்பிற்குரிய அருட்சகோதரிகளே, அன்புப் பெற்றோரே! தலைக்கவசம் வேண்டாம், தோள்கவசம் வேண்டாம். ஒரு பந்தும், வாரத்தில் ஒரு மணி நேரமும் தாருங்கள். நான் இவ்வாண்டு பள்ளியை விட்டுப் போய்விடுவேன். ஆறாம் வகுப்புத் தங்கைகளாவது, அவர்களுடைய அண்ணன்மார் கேட்கும்போது பதில் சொல்லட்டும்.