ஒயின் ஷாப்புல கிடைக்காத ஒயினும் என் பூட்டுப் பட்டறை நண்பனும்

டிஸ்கி: குடி குடியைக் கெடுக்கும். யாரையும் குடிக்கச் சொல்லி எழுதவில்லை. பழக்கம் இல்லாதவங்க மிளகும் ஆவாரம்பட்டையும் வர்ற இடத்தை மட்டும் படிச்சாலும் போதும் :-)

மக்களே, இந்த வாரம் ஆணி கொஞ்சம் கம்மி. அதனால ரொம்ப நாளா மனசுல கிடக்கிற ஒரு கடுப்பை இறக்கி வெச்சிடறேன்.

எங்க ஊர்ப் பக்கம் சாராயக் கடைக்குப் பேர் 'ஒயின் ஷாப்'. 2003-ல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் மொத்தமா எடுத்துக்கிட்ட பிறகும் பேகம்பூர்ல பெருசுங்க வாயில அந்தப் பேர் மாறலை. அங்க போய் 'அண்ணே, ஷிராஸ் இருக்கா?'ன்னு கேட்டீங்கன்னா, 'அது என்ன தம்பி, புது பிராந்தியா?'ன்னு கேட்பாங்க. சரி, அது அவங்க தப்பில்லை. என் கடுப்பு வேற ஆளுங்க மேல.

'நான் குடிக்க மாட்டேன்பா, ஒன்லி ஒயின்.' ஐ.டி. பார்ட்டிகள்ல இந்த வசனத்தைக் கேட்காதவங்க இருக்க முடியாது. என்னமோ ஒயின்னா பழரசம் மாதிரி. நாம பொட்டி தட்டுற ஆளுங்கதானே, கணக்கு போட்டே பார்த்துடுவோம். ஒரு குவார்ட்டர் 180 மில்லி, அதுல ஆல்கஹால் 42.8 சதவீதம். சுமார் 77 மில்லி சுத்த ஆல்கஹால். ஒரு பாட்டில் ஷிராஸ் 750 மில்லி, 14 சதவீதம்னு வெச்சுக்குங்க. 105 மில்லி. ஆக, சாப்பாட்டோட 'சும்மா' ஒரு பாட்டிலை முடிக்கிற நம்ம டீம் லீடு, குவார்ட்டர் அடிக்கிறவரை விட ஒண்ணே கால் மடங்குக்கு மேல உள்ள தள்ளியிருக்கார்!

என்கூட பத்தாவது வரைக்கும் படிச்சவன் ஒருத்தன் திண்டுக்கல்ல பூட்டுப் பட்டறையில வேலை பார்க்கிறான். சனிக்கிழமை கூலி வாங்கினா ஒரு குவார்ட்டர். அவ்வளவுதான். ஊர்ல அவன் குடிகாரன். பொண்ணு கேட்டுப் போன ரெண்டு இடத்துல அதுதான் முதல் பேச்சு, அதோட முடிஞ்சுது. நான் மாசம் ரெண்டு பாட்டில் ஷிராஸ் திறக்கிறவன். எனக்கு வர்ற வரன்கள்ல அதுக்குப் பேர் 'சோஷியல் ட்ரிங்கிங்'. பையன் நாகரிகமானவனாம். எங்க ரெண்டு பேர் ஈரலுக்கும் இந்த வித்தியாசம் தெரியுமா என்ன?

அப்புறம் 'இதயத்துக்கு நல்லது' கோஷ்டி. 2023 ஜனவரியில உலக சுகாதார நிறுவனமே சொல்லிடுச்சு, பாதுகாப்பான அளவுன்னு எதுவும் மதுவுக்குக் கிடையாதுன்னு. மருந்துன்னு சொல்லிக் குடிக்கிறதா இருந்தா தயவுசெஞ்சு விட்டுடுங்க.

அப்ப நீ ஏன்டா குடிக்கிறேன்னா, ருசிக்கு. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

பிரான்ஸ்ல சிரா, ஆஸ்திரேலியாவுலயும் நம்ம ஊர்லயும் ஷிராஸ். ரெண்டும் ஒரே திராட்சைதான். ஈரான்ல இருக்கிற ஷிராஸ் நகரத்துல இருந்து வந்ததுன்னு அழகா ஒரு கதை உண்டு. 1998-ல் மரபணுச் சோதனை பண்ணி, அப்பா அம்மா ரெண்டுமே தென்கிழக்கு பிரான்ஸ் திராட்சைன்னு கண்டுபிடிச்சு அந்தக் கதையை முடிச்சு வெச்சுட்டாங்க. எனக்குப் பிடிச்சது ஆஸ்திரேலியக் கதை. 1951-ல் பென்ஃபோல்ட்ஸ் கம்பெனியில மாக்ஸ் ஷூபர்ட்னு ஒருத்தர் ஷிராஸ்ல 'கிரேஞ்ச்'னு ஒரு ஒயினை சோதனையா செஞ்சார். ருசி பார்த்தவங்க காறித் துப்பாத குறை. 1957-ல் நிர்வாகம் 'ப்ராஜெக்டை மூடு'ன்னுடுச்சு. மனுஷன் மூணு வருஷம் ஒளிச்சு வெச்சு செஞ்சார். 1960-ல் அவங்களே திரும்ப ஆரம்பிக்கச் சொன்னாங்க. இன்னிக்கு அந்த நாட்டோட பெருமையே அந்த ஒயின்தான். மேனேஜர் மூடச் சொன்ன ப்ராஜெக்டை ராத்திரி உட்கார்ந்து முடிச்ச நம்ம ஆளுங்களுக்கு இது புரியும். நாசிக்ல சூலாவை ஆரம்பிச்ச ராஜீவ் சமந்த்தும் ஆரக்கிள்ல வேலை பார்த்துட்டு ஊர் திரும்பினவர்தான்.

சரி, ருசிக்கு வருவோம். ஒயின் பத்தி எழுதுறவங்க பிளாக்பெர்ரி வாசம், வயலட் பூ வாசம்னு பயமுறுத்துவாங்க. நான் பிளாக்பெர்ரியை ஜாம் பாட்டில் படத்துலதான் பார்த்திருக்கேன். நாவல்பழம்னு சொல்லுங்க, முடிஞ்சுது. நாக்குல ஒட்டி இழுக்கிற அந்த உணர்ச்சிக்குப் பேர் டானின். எங்க ஊர்க்காரனுக்கு இதுல பாடம் எடுக்கவே வேண்டாம். பேகம்பூர் தோல் ஷாப்புகளுக்குப் பேர் போன இடம். ஆவாரம்பட்டை போட்டுத் தோலைப் பதப்படுத்தினதும் இதே டானினை வெச்சுத்தான். பக்கத்து வீட்டு பாய் தோல் ஷாப்புல முப்பது வருஷம் இருந்தவர், மதுவைத் தொட்டதே இல்லை. டானின்னா என்னன்னு நான் விளக்கப் போனப்ப, 'பட்டைத் தண்ணி ஒரு சொட்டு நாக்குல பட்டாப் போதும் தம்பி, வாயைக் கட்டிப் புடிச்சுக்கும்'னார். எந்தப் புத்தகத்துலயும் இவ்வளவு சுருக்கமா படிச்சதில்லை. துவர்ப்புன்னு தனியா ஒரு சுவையே வெச்சிருக்கிற நாம, இதுக்குப் போய் இங்கிலீஷ்ல முழிக்கிறோம்.

மிளகு வாசத்துக்கும் ஒரு விஷயம் இருக்கு. நல்ல ஷிராஸ்ல மிளகு வாசம் வரும், அது கற்பனை இல்லை. ரோட்டண்டோன்னு ஒரு பொருள். மிளகுலயும் அதுதான், ஷிராஸ்லயும் அதுதான். 2008-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் அதை வெளியிட்டாங்க. சோதனையில கலந்துக்கிட்டவங்கள்ல அஞ்சுல ஒருத்தருக்கு, எவ்வளவு அதிகமா கலந்தாலும் அந்த வாசம் தெரியவே இல்லை. அதனால பார்ட்டியில எவனாவது கண்ணை மூடி 'ஆஹா, பெப்பர்!'னா, உங்களுக்கு வரலைன்னா வரலைன்னு சொல்லுங்க. தலையாட்ட வேண்டாம்.

பரிமாறுறதுல ஒரே ஒரு விஷயத்துல மட்டும் நான் கறார். சிவப்பு ஒயினை 'ரூம் டெம்பரேச்சர்'ல குடிக்கணும்னு எழுதினவன் ஐரோப்பாவுல குளிர்ற கல் வீட்டுல உட்கார்ந்து எழுதினவன். அவன் ரூம் 16, 18 டிகிரி. சித்திரை மாசம் பேகம்பூர்ல நம்ம ரூம் எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும். ஒரு பெரிய நட்சத்திர ஹோட்டல்ல கோட்டு சூட்டு போட்டவர் வெள்ளைத் துணி சுத்திக் கொண்டு வந்து ஊத்தினது வெதுவெதுன்னு கஷாயம். கொஞ்சம் குளிர வெச்சுத் தாங்கன்னு கேட்டதுக்கு, 'ரெட் ஒயினை சில் பண்ணக் கூடாது சார்'னு பாடம் வேற. சூடானா ஆல்கஹால்தான் முதல்ல மூக்கைக் குத்தும், நாவலும் மிளகும் காணாமப் போயிடும். வீட்டுல முக்கால் மணி நேரம் ஃபிரிட்ஜ்ல வெச்சு எடுங்க, போதும். திருகு மூடி போட்ட பாட்டில்னா மட்டம்னு நினைக்காதீங்க. கிளாஸ்ல மூணுல ஒரு பங்குக்கு மேல ஊத்தாதீங்க, சுழட்டி மோந்து பார்க்க இடம் வேணும். இளசா இருந்தா அரை மணி நேரம் முன்னாடி ஜாடியில ஊத்தி வைங்க, துவர்ப்பு கொஞ்சம் அடங்கும். எவர்சில்வர் சொம்பு கூடத் தப்பில்லை, சத்தியமா :-)

தொட்டுக்க? பிரியாணின்னுதான் எல்லாரும் எதிர்பார்ப்பீங்க. பச்சை மிளகாய்க் காரத்தோட சேர்ந்தா ஆல்கஹால் இன்னும் எரியும், எனக்கு ஒத்து வரலை. மிளகாய் கம்மியா, மிளகை இடிச்சுப் போட்டுச் சுண்ட வறுத்த மட்டன் சுக்கா செஞ்சு பாருங்க. ரெண்டு பேருக்கு ஆளுக்கு ஒரு கிளாஸ், 150 மில்லி. மீதியை மூடி ஃபிரிட்ஜ்ல வெச்சா ரெண்டு மூணு நாள் தாங்கும். போன தடவை ஊருக்குப் போனப்ப அந்தப் பட்டறை நண்பனுக்கு இப்படித்தான் ஒரு கிளாஸ் கொடுத்தேன். மோந்து பார்த்துட்டு, நான் ஒண்ணும் சொல்றதுக்கு முன்னாடியே, 'டேய், மிளகு இடிச்ச உரல் மாதிரி இருக்குடா'ன்னான்.